தடையும் வளமும்: ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டின் பாறைகளும் தென்சென்னை நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் வாழ்வைப் பாவிக்கும் கணினி விளையாட்டுகளில் பாறை முதலில் உழவுக்குத் தடையாகவும், உடைக்கப்பட்ட பின் கட்டுமானத்துக்கு வளமாகவும் அமைகிறது. எரிக் பரோன் உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியான ‘ஸ்டார்டியூ வேலி’ இந்த அமைப்பின் தெளிவான சான்று. அவ்விளையாட்டின் பாறை விதிகளைச் சங்க இலக்கியம் காட்டும் துறுகல், நடுகல் ஆகியவற்றோடும், வருவாய்த்துறைப் பேரேட்டின் ‘கல்லாங்குத்து’ என்னும் வகைப்பாட்டோடும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, சின்னமலை ஆகிய பகுதிகளின் நில வரலாற்றோடும் வைத்து இக்கட்டுரை திறனாய்கிறது. விளையாட்டு நிலத்தைத் திணையாகக் காட்டினாலும் பேரேடாகவே கணக்கிடுகிறது என்பதும், கல்லை எடுத்தபின் எஞ்சும் பள்ளத்தையும் எடுத்தவரின் உழைப்பையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பாவனை விளையாட்டு, பாறை, துறுகல், நடுகல், திணை, கல்லாங்குத்து, சென்னை நிலவியல்

முன்னுரை

சிமுலேஷன் எனப்படும் பாவனை விளையாட்டு ஒரு கதையைச் சொல்வதோடு நிற்பதில்லை. ஓர் உலகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை விதிகளின் வழியே வாதிடுகிறது. இயன் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட தம் நூலில் இதனைச் செயல்முறையின் வழி நிகழும் சொல்லாட்சி என விளக்கினார். எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, செய்தால் என்ன கிடைக்கும் என்னும் விதிப்பட்டியலே இத்தகைய படைப்பின் மூலபாடம். கதைமாந்தரின் பேச்சை மட்டும் படித்து இதனைத் திறனாய முடியாது.

தமிழ்த் திறனாய்வில் நிலம் பற்றிய சிந்தனைக்கு நீண்ட மரபு உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, அவற்றின்மேல் கருப்பொருளையும் உரிப்பொருளையும் அமைத்தது. கணினி விளையாட்டு காட்டும் நிலத்தை இம்மரபின் கண்கொண்டு நோக்கும்போது, மேலைத் திறனாய்வு கவனிக்கத் தவறும் சில இடங்கள் புலப்படுகின்றன. 12 மொழிகளில் கிடைக்கும் ‘ஸ்டார்டியூ வேலி’ தமிழில் இல்லை. ஆயினும் அது காட்டும் ஊர் தமிழ் வாசகருக்கு அயலானதன்று. வடக்கே மலை, தென்மேற்கே காடு, நடுவே வயல், தெற்கே கடற்கரை, பழுதான பேருந்தைச் சீரமைத்தபின் சென்றடையும் பாலைநிலம் என ஐந்நிலமும் ஒரே வரைபடத்தில் அங்கு அமைந்துள்ளன. இவ்வொற்றுமை எந்த அளவுக்கு உண்மையானது என்பதை அந்நிலத்தில் கிடக்கும் பாறையைக் கொண்டே சோதிக்கலாம்.

1. விதிகளில் பாறை

ஆட்டக்காரர் தம் பாட்டனார் விட்டுச்சென்ற பண்ணைக்கு வந்து சேர்கிறார். பண்ணை முழுவதும் சிறுகற்களும் கட்டைகளும் களைகளும் நிறைந்து கிடக்கின்றன. இடையிடையே பெரும்பாறைகள் உள்ளன. சிறுகல்லைத் தொடக்கத்தில் கிடைக்கும் குந்தாலியால் உடைக்கலாம். ஒவ்வொரு வீச்சுக்கும் ஆட்டக்காரரின் ஆற்றலில் 2 அலகு குறையும். முதல்நாளில் அவருக்குள்ள மொத்த ஆற்றல் 270 அலகு. பெரும்பாறை நான்கு கட்டங்களை அடைத்துக் கிடக்கும். தொடக்கக் குந்தாலி அதன்மேல் பயன்படாது. முதலில் 2,000 பொற்காசும் 5 செப்புப் பாளமும், பின்னர் 5,000 பொற்காசும் 5 இரும்புப் பாளமும் கொல்லரிடம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் காத்திருந்து, எஃகுக் குந்தாலி பெற்ற பின்னரே அது உடையும். உடைந்தால் 15 கல் கிடைக்கும்.

இக்கல்லை விற்றால் ஒன்றுக்கு 2 காசு, ஆக 30 காசு. ஆட்டத்தின் முதற்பயிரான பார்ஸ்னிப் கிழங்கு ஒன்றின் அடிப்படை விலை 35 காசு. எனவே பாறையின் மதிப்பு சந்தையில் இல்லை. கிணற்றுக்கு 75 கல், கோழிக்கூட்டுக்கு 100, மாட்டுக்கொட்டிலுக்கு 150 என வேறொன்றாக மாறும்போதே கல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. பாறை கிடந்த நான்கு கட்டங்களும் அந்நொடியே உழுநிலமாகிவிடுகின்றன. தடை நீங்குவதும் வளம் சேர்வதும் ஒரே வீச்சில் நிகழ்கின்றன.

பண்ணைக்கு வெளியேயும் பாறைகள் வழிமறிக்கின்றன. சுரங்கத்துக்குச் செல்லும் பாதையை மண்சரிவு மூடியிருக்கிறது. வசந்தத்தின் ஐந்தாம் நாளில் ஜோஜா என்னும் பெருவணிக நிறுவனம் எழுதும் மடல், அச்சரிவு தன் துளையிடும் பணியால் நேர்ந்தது என்றும், அது அகற்றப்பட்டுவிட்டது என்றும், பணி முற்றிலும் சட்டப்படியானது என்றும் தெரிவிக்கிறது. இருப்புப்பாதையை மறித்த பாறைகள் முதல் ஆண்டுக் கோடையின் மூன்றாம் நாளில் நிலநடுக்கத்தால் விலகுகின்றன. மலையோடையை அடைத்துள்ள மின்னும் பாறையை ஊர்ப் பொதுமன்றத்துக்கு மீன்களைக் காணிக்கையாக்கி வன உயிர்களின் துணையால் அகற்றலாம். அல்லது ஜோஜா நிறுவனத்துக்கு 20,000 காசு செலுத்தியும் அகற்றலாம். அதன்பின் ஓடையில் தாதுமண் அரித்தெடுக்க இயலும்.

இவ்விரு வழிகளுக்கிடையே அறவேறுபாடு இருப்பதாகக் கதை கூறுகிறது. பொதுமன்றத்தின் வழி கூட்டுறவையும், ஜோஜாவின் வழி வணிகத்தையும் குறிக்கின்றன. ஆனால் விதி இவ்வேறுபாட்டை அறியாது. எவ்வழியில் சென்றாலும் பாறை அகலும், தாது கிடைக்கும், ஓடைக்கு எத்தீங்கும் நேராது. பெருவணிகத்தை எதிர்க்கும் கதையின் அடியில், இயற்கையைப் பற்றி இருதரப்பும் ஒரே கருத்தைக் கொண்டிருக்கின்றன. இப்படைப்பின் முதன்மையான முரண் இதுவே.

2. துறுகல்லும் நடுகல்லும்

சங்க இலக்கியத்தில் உருண்டு திரண்ட பெரும்பாறைக்குத் துறுகல் என்று பெயர். குறுந்தொகையின் 47ஆம் பாடலில், வேங்கை மலர் உதிர்ந்து படிந்த துறுகல் புலிக்குட்டிபோலத் தோன்றுகிறது. அத்தகைய காட்டுவழியே இரவில் தலைவன் வருகிறான். நிலவொளி அவனுடைய களவுக்கு நன்மை செய்யவில்லை என்று தோழி நிலவை நோக்கிக் கூறுகிறாள். இங்குக் கல் வழிமறிக்கவில்லை. எதற்கும் பொருளாகப் பயன்படவுமில்லை. காண்பவர் மனத்தில் அச்சத்தை எழுப்புவதே அதன் செயல். அவ்வச்சம் தலைவிமீது கொண்ட பரிவிலிருந்து பிறப்பதால், துறுகல் குறிஞ்சியின் உரிப்பொருளோடு இணைந்துவிடுகிறது.

நடுகல் இன்னொரு நிலை. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் அமைக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாகப் பகுக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக்காண்டமும் இவ்வரிசையிலேயே காதைகளுக்குப் பெயரிடுகிறது. இங்கே முதல்நிலை தகுந்த கல்லைக் காண்பது என்பது கருதத்தக்கது. வெட்டுதலும் கொணர்தலும் அதன் பின்னரே நிகழ்கின்றன. கல் இடம்பெயர்கிறது, உருமாறுகிறது; எனினும் கணக்கிடப்படும் பொருளாவதில்லை. வீழ்ந்தவன் பெயரும் பெருமையும் அதன்மேல் ஏறுகின்றன.

ஆகவே தமிழ் மரபில் பாறைக்குத் தடை, வளம் என்னும் இரு நிலைகளோடு மூன்றாவதாகக் குறி என்னும் நிலையும் உண்டு. ‘ஸ்டார்டியூ வேலி’யின் விதிகளில் பண்ணைப் பாறைக்கு இம்மூன்றாம் நிலை இல்லை. ஐந்நிலத்தையும் வரைபடத்தில் வைத்தபோதும், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய ஒழுக்கத்தை அது விதியாக்கவில்லை. மலையின் தாது, காட்டின் மரம், கடலின் மீன் யாவும் பண்ணையை நோக்கியே செல்கின்றன. குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் மருதத்தின் கொல்லைப்புறக் கிடங்குகளாகின்றன.

3. கல்லாங்குத்து

இவ்விதிகளுக்கு நெருங்கிய உறவு திணைக்கோட்பாட்டைவிட வருவாய்த்துறைப் பேரேட்டோடுதான் உள்ளது. தமிழ்நாட்டு நிலப்பதிவேடுகள் நிலத்தை நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு எனப் பகுக்கின்றன. தரிசிலும் தீர்வை ஏற்பட்டது, ஏற்படாதது என்னும் பிரிவு உண்டு. பாறை நிறைந்த இடம் கல்லாங்குத்து எனப்படுகிறது. வகைப்பாட்டின் அளவுகோல் ஒன்றே: இந்நிலம் விளையுமா, தீர்வை தருமா? ஆடு மேய்வதோ, மழைநீர் வடிந்து சுனையாவதோ, ஊர்த்தெய்வம் குடியிருப்பதோ அவ்வேட்டின் கலங்களில் இடம்பெறுவதில்லை.

விளையாட்டிலும் நிலம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் உழத்தக்கதா, அடைபட்டதா என்பதே நிரல் கேட்கும் வினா. அடைபட்டது எதுவாயினும் அது இன்னும் வயலாகாத இடம். கல்லாங்குத்து என்னும் சொல்லில் கல்லேனும் எஞ்சியிருக்கிறது. விளையாட்டிலோ பாறை பண்ணையின் களைகளோடும் கட்டைகளோடும் சேர்ந்து அகற்றவேண்டிய குப்பையாகிறது. ஒரு நிலத்தை வெற்றிடம் என்று அழைத்துவிட்டால் அதன்மேல் எதையும் செய்யலாம் என்னும் எண்ணம் இவ்விரு ஏடுகளுக்கும் பொதுவானது. இவ்வெண்ணம் திரையோடு நிற்பதில்லை என்பதற்குச் சென்னையின் தென்பகுதியே சான்று.

4. ஏரியும் குன்றும்

விளையாட்டின் பண்ணையில் குளத்தைத் தூர்க்க இயலாது. எத்தனை காசு கொடுத்தாலும், எந்தக் கருவி கிடைத்தாலும் நீர் நீராகவே நிற்கும், பாறைதான் அகலும். சென்னையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் இணைந்து நெடிய ஏரியாக மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே கிடந்தன. 1920களில் மாம்பலம் நகர்த்திட்டம் உருவாகி, பிட்டி தியாகராயர் பெயரால் தியாகராய நகர் எழுந்தபோது, அவ்வேரிப் பரப்பு வீட்டுமனையாக மாறத் தொடங்கியது. இன்று நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் பெயரளவில் அவ்வேரியை நினைவூட்டுகின்றன. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கியபோது, ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட ஏரி தன் பழைய இடத்தை நாடியது எனலாம்.

அதே மயிலாப்பூரின் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் இன்றும் நிலைத்திருக்கிறது. ஏரி, குளம் இரண்டும் நீர்நிலைகளே. ஒன்று பாசனம் குன்றியபின் மனைக்குத் தடையாகக் கருதப்பட்டது. மற்றொன்று வழிபாட்டின் குறியாக விளங்கியதால் தப்பியது.

பாறைக்கும் இவ்வேறுபாடு பொருந்துகிறது. மயிலாப்பூர் மணலும் களியும் படிந்த கடலோர நிலம். அடையாற்றின் தென்கரையில் சின்னமலையிலிருந்து கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் வரை கடும்பாறை மேலெழுந்து தெரிகிறது. இப்பாறை சார்னகைட் எனப்படும். கொல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட பல்லாவரக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அப்பெயரை வைத்தார். பரங்கிமலையின் சார்னகைட் பாறை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்று. பரங்கிமலை உச்சியில் 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயம் உள்ளது. சின்னமலையின் குகை புனித தோமையாரோடு தொடர்புடையதாக மரபு கூறுகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் நாட்டின் பெரும் நிலஅளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதும் பரங்கிமலைப் பகுதியில்தான்.

அருகிலுள்ள பல்லாவரம், திரிசூலம் குன்றுகளோ கல்குவாரிகளாயின. கல்லின் வன்மையில் இக்குன்றுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. வழிபாடு, படையிருப்பு, அளவை என ஏதேனும் ஒரு குறியை ஏற்ற குன்று நின்றது, ஏற்காதது சல்லியாயிற்று. பாறையைக் காத்தது அதன் மூன்றாம் நிலையே. விளையாட்டின் விதிகள் விட்டுவிட்டதும் இதையேதான்.

5. எஞ்சும் பள்ளம்

விளையாட்டுப் பாறை நிலத்தின்மேல் வைக்கப்பட்ட பொருள். அதை எடுத்தால் அடியில் சமதரை இருக்கும். சென்னைப் பாறை நிலத்தின் ஆழத்திலிருந்து எழுவது. அதை எடுத்தால் பள்ளமே எஞ்சும். பல்லாவரம், திரிசூலம் பகுதிக் குவாரிகளில் இன்று மழைநீர் நிறைந்து நிற்கிறது. மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட 22 குவாரிகளின் நீரைச் சென்னைக் குடிநீர் வாரியம் 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் தூய்மைப்படுத்தி நகருக்கு வழங்கியது. ஏரியைத் தூர்த்த நகரம், கல்லெடுத்த குழியை ஏரியாக நம்பவேண்டிய நிலை வந்தது. தடை, வளம் என்னும் இரண்டு பெயர்களும் பொருளின் இயல்பைக் குறிப்பன அல்ல, காலத்தின் தேவையைக் குறிப்பன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு பாவனை விளையாட்டால் பள்ளத்தைக் காட்ட இயலாது என்று விடை கூற முடியாது. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் உடன்பிறந்தோர் 2006இல் வெளியிட்டதும், 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்குத் தெரிவு செய்ததுமான ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ இதைச் செய்கிறது. அதில் கல்லுக்கு வகைப்பெயர் உண்டு. பாறையைக் குடைந்தால் வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும். தாங்கலின்றிக் குடைந்தால் மேல்தளம் சரியும். நீர்ப்படுகையைத் தொட்டால் வெள்ளம் புகும். எடுத்த கல்லும் எஞ்சிய வெளியும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாக நிற்கின்றன. எனவே ‘ஸ்டார்டியூ வேலி’ பள்ளத்தை விலக்கியது தொழில்நுட்ப இயலாமையால் அன்று. அது விரும்பிய ஆறுதலான உலகத்துக்குப் பள்ளம் பொருந்தாது என்பதால்தான். அதில் பாலத்தைச் சீரமைத்துச் சென்றடையும் கல்குவாரியில் கற்கள் காலப்போக்கில் மீண்டும் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. கல் களையைப்போல் முளைக்கும் உலகில் குவாரி ஒருபோதும் கைவிடப்படுவதில்லை.

6. உடைப்பவர் யார்?

ஆற்றல் அலகு 2 குறைவதே இவ்விளையாட்டில் கல்லுடைப்பின் விலை. இரவு உறங்கினால் அவ்வாற்றல் திரும்பிவிடும். ஆட்டக்காரர் தம் நிலத்தில் தம் கையால் தமக்காகவே உடைக்கிறார். கல்லுடைப்பு இவ்வாறு தன்னுரிமையுடைய உழைப்பாகக் காட்டப்படுவது படைப்பின் கவர்ச்சிக்கு ஒரு காரணம். நகர அலுவலகத்தின் சலிப்பிலிருந்து தப்பிவந்தவருக்குக் குந்தாலி வீச்சு விடுதலையாகிறது.

குவாரித் தொழிலாளரின் வரலாறு வேறு. கொத்தடிமைத் தொழிலாளர் முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அரியானாவின் பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1983இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்பணக் கடனால் கட்டுண்ட உழைப்பைக் கல்குவாரியோடு சேர்த்தே நாட்டின் கவனத்துக்குக் கொணர்ந்தது. தமிழகக் குவாரிகளும் இச்சிக்கலுக்கு விலக்காக இருந்ததில்லை. தென்சென்னையின் அடித்தளங்களிலும் சாலைகளிலும் கிடக்கும் சல்லியில் உடைத்தவரின் பெயர் இல்லை. விளையாட்டின் 15 கல்லிலும் எப்பெயரும் இல்லை. ஆனால் அங்கு உடைத்தவரே உடையவராதலால், பெயரின்மை ஒரு குறையாகத் தோன்றாமல் போகிறது. இம்மறைப்பு மண்சரிவு பற்றிய ஜோஜாவின் மடலைவிட நுட்பமானது. மடலை ஆட்டக்காரர் ஐயுறுகிறார். தம் கையிலுள்ள குந்தாலியை ஐயுறுவதில்லை.

7. உடையாத பாறையின் காலம்

இக்குறைகளால் படைப்பின் மதிப்பு முழுவதும் நீங்கிவிடாது. எஃகுக் குந்தாலி கிடைக்கும்வரை ஆட்டக்காரர் பெரும்பாறைகளோடு வாழ்ந்தாக வேண்டும். வரப்பைப் பாறையைச் சுற்றி வளைக்கிறார். வேலியின் ஒரு பக்கமாக அதையே கொள்கிறார். கிணற்றுக்குச் செல்லும் வழியை அதனருகே அமைக்கிறார். விதி கற்பிக்காத இந்நாள்களில் பாறை அடையாளமாகிறது. இப்பாறைக்கு அப்பால் விதைத்தது, அப்பாறைக்கு இப்பால் நீரூற்றியது என்று நிலம் நினைவில் பதிகிறது. அப்போது அது துறுகல்லுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. படைப்பின் சிறந்த பகுதி, அதன் முன்னேற்றக் கணக்கு இன்னும் எட்டாத இக்காத்திருப்பிலேயே உள்ளது. எஃகு கிடைத்த நாளில் அந்த அடையாளத்தை உடைக்க ஆட்டக்காரர் தயங்கினால், அத்தயக்கம் அவருடையது. அதற்கு விதியில் பயனும் இல்லை, இழப்பும் இல்லை.

இவ்விடத்தில் அடையாற்றை நினைவுகூரலாம். மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத்தில் கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாறு சந்திப்பு வரை ஆற்றின் அடியே சுரங்கம் குடைய, 2023இல் காவிரி, அடையாறு என்னும் பெயர்கொண்ட இரு எந்திரங்கள் இறக்கப்பட்டன. மாதவரம் பகுதியில் குடைந்த எந்திரங்களுள் சில நீலகிரி, ஆனைமலை என மலைகளின் பெயரைத் தாங்கின. மண்ணும் பாறையும் கலந்த நிலத்தைக் குடைவது எவ்வாறு என்பதைப் பொறியியல் அறியும். குடையும் கருவிக்கே ஆற்றின் பெயரையும் மலையின் பெயரையும் சூட்டும் வழக்கமோ, அகற்றப்படுவதன் பெயரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் பழைய உணர்வின் எச்சமாகலாம்.

முடிவுரை

‘ஸ்டார்டியூ வேலி’யில் பாறை தடையாகத் தொடங்கி வளமாக முடிகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் தமிழ் மரபு கண்ட குறி என்னும் நிலைக்கு அதன் விதிகளில் இடமில்லை. ஆட்டக்காரரின் பழக்கத்தில் மட்டும் அது சிறிதுகாலம் தோன்றி மறைகிறது. கதையளவில் பெருவணிகத்தை மறுக்கும் படைப்பு, விதியளவில் நிலத்தைத் தீர்வைப் பேரேட்டின் கண்ணாலேயே காண்கிறது. தூர்ந்த மயிலாப்பூர் ஏரியும் நிலைத்த தெப்பக்குளமும், நின்ற பரங்கிமலையும் குவாரியான திரிசூலமும் காட்டுவது, இக்கண்ணோட்டம் பொழுதுபோக்குக்கு உரியது மட்டுமன்று என்பதையே. கணினி விளையாட்டைத் தமிழ்த் திறனாய்வு ஏற்கும்போது, எது அகற்றத்தக்கது என்னும் விதிப்பட்டியலையே முதலில் வாசிக்க வேண்டும். தமிழ்நிலத்தைப் பாவிக்கும் விளையாட்டொன்று நாளை உருவாகுமாயின், அதன் பாறைக்குக் கல்லின் எண்ணிக்கையோடு, எடுத்தபின் எஞ்சும் பள்ளமும் எடுத்தவர் பெயரும் விதியாக வேண்டும். திணைக்கோட்பாடு அதற்குத் தரத்தக்கது கருப்பொருள்களின் பட்டியலை மட்டுமன்று. நிலமும் அதில் வாழ்வோரின் ஒழுக்கமும் பிரிக்க இயலாதவை என்னும் இலக்கணத்தையே.